அள்ளிக் கொடுக்கும் மதர்போர்டு

குறைந்த விலை மதர்போர்டின் கொடைக்குணத்தை இதுவரை யாரும் முறையாகப் புகழ்ந்ததில்லை. ஆறேழாயிரம் ரூபாய்க்கு ஒரு போர்டு வாங்கி அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். யூஎஸ்பி மட்டும் பத்து என்று போட்டிருக்கும். போர்டை வெளியே எடுத்து எண்ணினால் ஆறு இருக்கும். மீதி நான்கைத் தேடிப் பதற வேண்டாம். போர்டின் ஓரத்தில் ஒன்பது ஊசிகள் உள்ள வரிசை ஒன்று, பத்தொன்பது ஊசிகள் உள்ள வரிசை ஒன்று நிற்கும். வரிசைக்கு இரண்டு போர்ட் என்று கணக்கு. அந்த ஊசிகளில் மாட்டும் ஒயரும் ஒயரின் முனையில் இருக்கும் துளையும் நீங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கேபினட்டில் இருந்தால் அவை போர்ட். இல்லையென்றால் ஊசிகளாகவே இருந்துவிடும். வேறொரு கம்பெனி செய்து விற்கும் கேபினட்டில் இருக்கக்கூடிய துளையையும் தன் கொடையாக எண்ணிச் சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்! கணக்கிலும் பொய் கிடையாது. ஊசிகள் இருக்கின்றன.

நான் புகழ எடுத்துக்கொள்வது எச்610 சிப்செட் போர்டை. இன்டெல் 2022 ஜனவரியில் கொண்டுவந்த சிப்செட் இது. 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறை பிராசஸர்களும் இதில் உட்காரும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, ஜெராக்ஸ் கடைக்கு, பில் போடும் கவுண்டருக்கு, ஆடிட்டர் ஆபீஸுக்கு என்று பட்ஜெட்டைச் சொல்லிக் கேட்கிறவர்களுக்குக் கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் இதைத்தான். நானும் பலருக்கு இதை வைத்து அசெம்பிள் செய்து கொடுத்திருக்கிறேன். சீட்டு எடுத்தும் நகையை அடகு வைத்தும் கணினி வாங்குகிறவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும் பொருளின் பெருமைகளை ஒன்றுவிடாமல் சொல்லிவைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பின்பக்கப் பேனலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோடியில் பாதி ஊதாவும் பாதி பச்சையுமாக ஒரு வட்டத் துளை. அது பிஎஸ்/2. ஐபிஎம் 1987-ல் பர்சனல் சிஸ்டம்/2 என்ற கணினியை விற்பனைக்கு விட்டபோது வந்தது. பெயரே அந்தக் கணினியிலிருந்துதான் வந்தது. கொஞ்சம் தள்ளி நீல நிறத்தில் பதினைந்து துளைகளோடு விஜிஏ. அதுவும் அதே ஆண்டு, அதே கணினியோடு பிறந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த சிப்செட், இந்த இரண்டு பெரியவர்களுக்கும் பின்பக்கப் பேனலில் இடம் போட்டு வைத்திருக்கிறது. இன்றைக்குப் பள்ளிப் பிள்ளையின் போன் முதல் கேமரா வரை எல்லாவற்றிலும் இருக்கும் டைப்-சி துளைக்கு மட்டும் பெரும்பாலான எச்610 பேனல்களில் இடம் கிடைக்கவில்லை. மூத்தோரை மதிப்பதில் இந்தப் போர்டுக்கு நிகர் கிடையாது.

பிஎஸ்/2 விஷயத்தில் என் பாராட்டில் கலப்படம் எதுவும் இல்லை. யூஎஸ்பி தகராறு செய்து பயாஸுக்குள்ளேயே போக முடியாமல் நிற்கும்போது அந்தப் பழைய கீபோர்டு கைகொடுக்கும். பழைய மானிட்டரைத் தூக்கிப்போட மனமில்லாத கடைகளுக்கு விஜிஏவும் உதவிதான். இடப்பற்றாக்குறை வரும்போது யாருக்கு இடம் விடுவது என்பதில்தான் போர்டின் பாசம் தெரிகிறது.

அடுத்து நீல யூஎஸ்பி இரண்டு. பெட்டியில் ‘யூஎஸ்பி 3.2 ஜென் 1’ என்று இருக்கும். இந்தத் துளையின் வரலாறு படிக்கத் தகுந்தது. 2008-ல் யூஎஸ்பி 3.0 என்ற பெயரில் வந்தது; வேகம் விநாடிக்கு 5 கிகாபிட். 2013-ல் 3.1 என்ற புது வகை வந்ததும் பழைய 3.0-க்கு ‘3.1 ஜென் 1’ என்று பெயர் மாற்றினார்கள். 2017-ல் 3.2 வந்ததும் அதே துளை ‘3.2 ஜென் 1’ ஆனது. வேகம் அன்றைக்கும் 5, இன்றைக்கும் 5. வயது ஏற ஏறப் பெயர் மட்டும் இளமையாகிக்கொண்டே போகும் பாக்கியம் எத்தனை பொருளுக்கு வாய்க்கும்? அதே 3.2 குடும்பத்தில் 10 கிகாபிட் வேகமுள்ளது ‘ஜென் 2’; 20 கிகாபிட் உள்ளது ‘ஜென் 2x2’. மூன்றுக்கும் குடும்பப் பெயர் ஒன்றே என்பதால் ஏற்றத்தாழ்வு பாராட்ட இடமே இல்லை. இந்தப் பெயர்களைச் சூட்டிய யூஎஸ்பி இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரமே 2022-ல் மனம் மாறி, பொதுமக்களுக்கு வேகத்தை மட்டும் எண்ணால் சொல்லுங்கள் என்று கூறிவிட்டது. பல பெட்டிகள் அதற்கெல்லாம் அசையவில்லை. கற்ற பெயரைக் கைவிடாத உறுதி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

நீலத்துக்குப் பக்கத்தில் கறுப்பு யூஎஸ்பி நான்கு. இவை 2.0. விநாடிக்கு 480 மெகாபிட், 2000-ஆம் ஆண்டின் வேகம். இவற்றிலும் ஓர் உண்மையான நன்மை உண்டு. யூஎஸ்பி 3.0 துளையும் ஒயரும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் 2012-ல் ஒரு அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. ஒயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை நீலத் துளையில் செருகினால் மவுஸ் தத்தித் தத்தி நகர்வது அதனால்தான். ஆகவே ரிசீவருக்கும் கீபோர்டுக்கும் பிரின்டருக்கும் கறுப்புத் துளையே உத்தமம். அதற்கு இரண்டு, போனால் மூன்று துளை போதும் என்பது என் சின்னப் புத்திக் கணக்கு. போர்டு நான்கு கொடுக்கிறது. நீலத்தை இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது.

இந்தக் கொடையை முழுசாக அனுபவித்தவர் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. கல்யாண வீடியோ எடிட் செய்வது தொழில். முகூர்த்த மாதங்களில் தூக்கம் கிடையாது. பழைய சிஸ்டம் திணறுகிறது என்று புதிதாக வாங்கினார். எச்610 போர்டு, ஐ5-12400எஃப் பிராசஸர். எல்லாவற்றையும் தானே மாட்டிவிட்டு ராத்திரி போன் செய்தார்.

“அண்ணே, ஃபேன் சுத்துதுண்ணே, லைட் எரியுது. டிஸ்ப்ளே மட்டும் வரல.”

“கேபிள எங்க மாட்டியிருக்க?”

“போர்டுலதாண்ணே. எச்டிஎம்ஐல. விஜிஏலயும் மாட்டிப் பாத்துட்டேன்.”

“பிராசஸர் பேருக்குப் பின்னாடி எஃப்னு ஒரு எழுத்து இருக்கா பாரு.”

“இருக்குண்ணே. அது எடுத்தா ஆயிரத்துச் சொச்சம் மிச்சம்னு கடைல சொன்னாங்க.”

போர்டின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து வரும் படத்தைப் போர்டு வரைவதில்லை. பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதிதான் வரைகிறது. எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் அந்தப் பகுதி கிடையாது. போர்டு இலை போட்டுவிட்டது. சமைக்க வேண்டியவர் வரவில்லை. ஆனாலும் போர்டின் கொடையில் குறை சொல்ல முடியுமா? எச்டிஎம்ஐ, விஜிஏ என்று ஒன்றுக்கு இரண்டாகத் துளை கொடுத்திருந்தது. இரண்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தன. பெட்டியிலும் உண்மை அச்சாகியிருந்தது. எச்டிஎம்ஐ என்ற சொல்லின் தோளில் கடுகளவு நட்சத்திரம் ஒன்று. அடியில், நகக்கண் உயரம்கூட இல்லாத எழுத்தில், படம் வருவது பிராசஸரைப் பொறுத்தது என்று ஒரு வரி. பெரிய எழுத்தில் கொடுத்ததைச் சிறிய எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நாகரிகம் அது.

அந்தப் பிராசஸரின் கிராபிக்ஸ் பகுதி போனதில் அவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. வீடியோவைப் பிரித்து விரித்துக் காட்டுவதற்கென்றே இன்டெல் வைத்திருக்கும் குவிக் சிங்க் என்ற தனி வசதி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. எடிட்டிங் செய்கிறவருக்கு அது பெரிய துணை. மிச்சம் பிடித்த ஆயிரத்தைப் போல் பல மடங்கு கொடுத்துத் தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். படம் வந்தது. இனி வேலையைத் தொடங்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

எடிட்டருக்கு வேலை என்பது பாதி எடிட்டிங், பாதி காப்பி செய்வது. ஒரு நீலத் துளையில் வேலை நடக்கும் எஸ்எஸ்டி, இன்னொன்றில் பேக்கப் டிஸ்க். கேபினட்டின் முகப்பில் இருந்த ஒரே நீலத் துளையில் கார்டு ரீடர். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து கொடுக்கும் எஸ்எஸ்டியைச் செருக மிஞ்சியது கறுப்பு. கறுப்பில் நடைமுறையில் விநாடிக்கு 35 எம்பி கிடைத்தால் அதிகம். 64 ஜிபி ஏற அரை மணி நேரம். அதே எஸ்எஸ்டியை நீலத்தில் செருகினால் விநாடிக்கு 400 எம்பி வரை போய் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாசலில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, மண்டபம், சாப்பாடு, சம்பந்தி வீட்டார் குணம் எல்லாம் விசாரித்து முடிக்கும் அளவுக்கு அவகாசம் தந்தது போர்டு.

கேபினட்டின் முகப்பில் டைப்-சி துளை ஒன்றும் இருந்தது. அதற்காகவே இருநூறு முந்நூறு கூடக் கொடுத்து அந்தக் கேபினட்டை எடுத்தார். உள்ளே அதன் ஒயரின் முனை தட்டையாக, சின்னதாக, ஒரு தனி வடிவத்தில் இருக்கும். அது போய் உட்காரப் போர்டில் அதற்கென்று ஒரு தனி இணைப்பு வேண்டும். குறைந்த விலைப் போர்டு பலவற்றில் அது கிடையாது. பத்தொன்பது ஊசி வரிசையில் அது நுழையாது. அந்த ஒயரைச் சுருட்டி டை போட்டுக் கட்டி மூலையில் ஒதுக்கினோம். முகப்பில் துளை கம்பீரமாக இருக்கிறது. போன் சார்ஜுகூட ஏறாது.

கடைசி வழியாக, உள்ளே செருகும் யூஎஸ்பி கார்டு ஒன்று வாங்கலாம் என்று யோசித்தோம். போர்டில் அதற்கும் ஸ்லாட் உண்டு. பெட்டியிலும் ‘பிசிஐ எக்ஸ்பிரஸ் x1’ என்று பெருமையாகப் போட்டிருக்கிறது. கேபினட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். ஸ்லாட்டைக் காணவில்லை. பெரிய ஸ்லாட்டுக்கு நேர் கீழே அதை வைத்திருக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டின் தடித்த ஃபேன் பகுதி அதன் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எஃப் பிராசஸரால் கார்டு வந்தது. கார்டால் ஸ்லாட் மறைந்தது. ஸ்லாட் மறைந்ததால் யூஎஸ்பி கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் இருக்கிறது, எதுவும் இல்லை என்று மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைப் பயன்படுத்தினால் இன்னொன்று ஒதுங்கி வழிவிடும் பண்பாட்டோடு வடிவமைத்திருக்கிறார்கள். கடைசியில் தனி கரண்ட் அடாப்டர் உள்ள ஹப் ஒன்றை வாங்கி ஒரு நீலத் துளையில் மாட்டினோம். அந்த ஒரு துளையின் 5 கிகாபிட்டை ஹப்பில் செருகியவை எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரவு பகலாக உழைக்கிற ஒரு பையன் துளைக்கும் ஒயருக்குமாகத் திரும்பத் திரும்பச் செலவு செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எம்.2 ஸ்லாட் ஒன்று உண்டு. எச்610-ல் இதன் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. விநாடிக்கு 7,000 எம்பி என்று விளம்பரம் செய்யும் நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியை இதில் செருகினால் 3,500 சுமாருக்கு அடக்கிவைக்கும். சாதாரண வேலைக்கு அதுவே தாராளம். இதில் புலம்ப ஒன்றுமில்லை. இரட்டை விலை கொடுத்து நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி வாங்கியவருக்கு அடக்கம் கற்றுத்தரும் ஆசிரியர் வேலையையும் போர்டு இலவசமாகச் செய்கிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இந்தப் பண்பெல்லாம் ஏழைப் போர்டுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். விலை கூடிய போர்டுகளும் இதே மரபுதான். நீளமான ஸ்லாட் இரண்டு மூன்று இருக்கும். சிலவற்றில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் முதல் கால்வாசி நீளத்துக்கு மட்டும் செம்புக் கம்பிகள் மின்னும். மீதி வெறும் பிளாஸ்டிக். நீளம் பதினாறு வழிக்கு, ஓட்டம் நான்கு வழிக்கு. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டியைச் செருகினால் சாட்டா போர்ட் ஒன்று தானாக அணைந்துவிடும். நேற்றுவரை ஓடிய ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது என்று பதறி வந்தவர்களின் ஒயரை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இசட்790 போர்டுகள் சிலவற்றில் ஐந்தாம் தலைமுறை எம்.2 ஸ்லாட் உண்டு. அதில் எஸ்எஸ்டி வைத்ததும் கிராபிக்ஸ் ஸ்லாட்டின் பதினாறு பாதையில் எட்டு அதற்குப் போய்விடும். பிராசஸர் தரும் பாதைகளுக்கு அளவு உண்டு, அதை மீற யாராலும் முடியாது. அது நியாயமான காரணம். அந்தக் காரணம் மேனுவலின் உட்பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருப்பதும், ஸ்லாட்டின் எண்ணிக்கை பெட்டியின் மேல் தங்க எழுத்தில் நிற்பதும்தான் என்னை மெய்சிலிர்க்க வைக்கிறது.

ஆடியோவுக்கு மூன்று துளை: இளஞ்சிவப்பு மைக்குக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. பெட்டியில் ‘7.1’ என்று இருக்கும். எட்டு ஒலித்தடத்துக்கு, துளைக்கு இரண்டு வீதம், நான்கு துளை வேண்டும். நான்காவது எங்கே? கேபினட்டின் முகப்பில் ஹெட்போன் செருகும் துளையை அதற்கு எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மூன்று ஒயர் பின்னாலும் ஒரு ஒயர் முன்னாலுமாக நடு ஹாலில் திரைப்பட அனுபவம் காணலாம்.

கேபினட் ஃபேனுக்கு ஒரே ஒரு இணைப்பு, வண்ண விளக்குக்கு இரண்டு இணைப்பு என்று கொடுக்கும் போர்டுகளும் உண்டு. மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ மதியம் இரண்டு மணிக்கு அந்தப் போர்டு உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் வெளியே ஏழு நிறத்தில் ஜொலிக்கும்.

அகலத்தையும் சொல்ல வேண்டும். மைக்ரோ-ஏடிஎக்ஸ் என்றால் 244 மில்லிமீட்டருக்கு 244 என்பது முழு அளவு. குறைந்த விலைப் போர்டுகளில் அகலத்தை நாலைந்து சென்டிமீட்டர் நறுக்கியிருப்பார்கள். பெயரில் மட்டும் நறுக்கல் இல்லை. வலது ஓரத்துத் திருகுகள் உட்கார வேண்டிய இடம் காற்றில் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இருபத்துநான்கு ஊசிக் கனெக்டரைச் செருகுவதோ அதே வலது ஓரத்தில். அது சுலபத்தில் இறங்காது, கட்டைவிரலால் பலமாக அழுத்த வேண்டும். அழுத்தும்போது கீழே தாங்க எதுவும் இல்லாமல் போர்டு வில்லாக வளைவதை முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நின்றுவிடும். போர்டு வளைந்து கொடுக்கிறது. கொடுப்பதில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். தானே அசெம்பிள் செய்கிறவர்கள் போர்டை மாட்டும் முன்பே அந்தக் கனெக்டரை ஒருமுறை செருகிக் கழற்றிப் பழக்கிவிடுங்கள். மாட்டிய பிறகு செருகும்போது அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். கேபினட்டின் பின்பக்கம் மாட்டும் தகரத் தகட்டையும் கவனியுங்கள். அதில் சின்னச் சின்ன நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். போர்டை அவசரமாகத் தள்ளினால் ஒரு நாக்கு லேன் துளைக்குள்ளோ யூஎஸ்பிக்குள்ளோ மடங்கிக்கொள்ளும். அப்புறம் அந்தத் துளையும் பெட்டியில் எண்ணிச் சொன்னவற்றில் ஒன்றாக மட்டும் இருக்கும்.

இத்தனை கொடுக்கும் வள்ளலிடம் வாங்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. போர்டின் மாடல் எண்ணைக் கடையில் கேட்டு, கம்பெனி இணையதளத்திலிருந்து மேனுவலைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் நின்றபடியே நட்சத்திரக் குறி போட்ட வரிகளை மட்டும் படியுங்கள். பின்பக்கப் படத்தில் 5 கிகாபிட்டோ அதற்கு மேலோ உள்ள யூஎஸ்பி எத்தனை என்று எண்ணுங்கள். ஊசிகளை எண்ண வேண்டாம். எஃப் பிராசஸர் என்றால் போர்டின் டிஸ்ப்ளே துளைகளைக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். கேபினட்டில் டைப்-சி இருந்தால் போர்டில் அதற்கான இணைப்பு உண்டா என்று கேளுங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு எந்த ஸ்லாட் மிஞ்சும் என்று படத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொழிலுக்கு வாங்குகிறவர்கள் ஒன்றிரண்டாயிரம் கூடப் போட்டு பி760 போர்டின் மேனுவலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் எம்.2-க்கு பிராசஸரிலிருந்தே நான்காம் தலைமுறைப் பாதை வரும். நீலத் துளையும் டைப்-சியும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள். அதே போர்டு அங்கேயும் இருக்கும்.